தாடி ஊறும் நேரம்

சவர பிளேடின் எஃகு மனித மயிரைவிட ஏறத்தாழ 50 மடங்கு கடினமானது. அந்தக் கணக்கில் ஒரே பிளேடு ஆயுளுக்கும் உழைக்க வேண்டும். ஆனால் ஏழெட்டு ஷேவிங் ஆவதற்குள் அது இழுக்க ஆரம்பிக்கிறது, கன்னம் எரிகிறது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குகிறோம். மெல்லிய மயிர் எஃகை எப்படிக் கெடுக்கிறது?

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜான்லூக்கா ரோஷோலி என்ற ஆராய்ச்சி மாணவர் இதைத் தன் முகத்திலேயே சோதித்துப் பார்த்தார். சவரம் செய்வார், பிளேடைக் கொண்டுபோய் மின்னணு நுண்ணோக்கியில் வைப்பார். விளிம்பு தேய்ந்து மழுங்கியிருக்கும் என்று நினைத்த இடத்தில் அது சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தது. ஒவ்வொரு சில்லும் மயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்கு இருக்கும். பிறகு நுண்ணோக்கிக்குள்ளேயே மயிரை வெட்டும் ஒரு சின்னக் கருவியை அமைத்துப் பார்த்ததில் சங்கதி வெளிவந்தது. மயிர் நேராக நின்று வெட்டுப்பட்டால் பிளேடுக்குப் பெரிய சேதமில்லை. அது வளைந்து, சாய்வாக வெட்டுப்படும்போதுதான், எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடமாகப் பார்த்து விளிம்பு உடைகிறது. 2020-ல் ‘சயின்ஸ்’ இதழில் இந்த ஆய்வு வந்தது.

எஃகின் உள்ளமைப்பு நம் கையில் இல்லை. பிளேடு கம்பெனிகளோ இரண்டு, மூன்று, ஐந்து என்று எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போகின்றன, விலையும் கூடவே ஏறுகிறது. நம் கையில் இருப்பது மயிர் ஒன்றுதான். அதை இளக்க ஆகும் செலவு ஒரு குவளைத் தண்ணீரும் மூன்று நிமிடமும்.

மயிர் என்பது கெரட்டின் என்ற புரதம். அதன் நீண்ட இழைகளை இரண்டு விதமான பிணைப்புகள் கட்டி வைத்திருக்கின்றன. கந்தகப் பிணைப்பு வலுவானது, தண்ணீருக்கு மசியாது. ஹைட்ரஜன் பிணைப்பு பலவீனமானது. ஆனால் எண்ணிக்கையில் ஏராளம் என்பதால், காய்ந்த மயிரின் விறைப்பில் பெரும்பங்கு அதனுடையது. தண்ணீர் உள்ளே புகுந்ததும் இழைகளுக்கு நடுவில் தான் போய் உட்கார்ந்துகொண்டு இந்தப் பிணைப்புகளை அவிழ்த்துவிடுகிறது. மயிர் தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை தண்ணீரை உறிஞ்சும். பருமன் 15 சதவீதம் போல ஊதும், நீளம் கூடுவது மிகச் சொற்பம். அப்படி ஊறிய மயிரை அறுக்க வேண்டிய விசை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. காய்ந்த தாடியில் பிளேடை வைப்பது ஊறாத உளுந்தை ஆட்டுக்கல்லில் கொட்டுவது மாதிரி.

(கந்தகப் பிணைப்பை அவிழ்க்கவும் வழி உண்டு. முடி நீக்கும் கிரீம்களில் இருக்கும் தயோகிளைக்கோலேட் உப்பு அதைத்தான் செய்கிறது. சில நிமிடத்தில் மயிர் கூழாகி வழித்தாலே வந்துவிடும். ஆனால் தோலின் மேலடுக்கும் கெரட்டினால் ஆனதுதான். முகத்துக்கென்று தயாரிக்காத கிரீமைத் தாடியில் தடவி விஷப்பரீட்சை செய்ய வேண்டாம்.)

ஊறுவதற்கு நேரம் வேண்டும். இங்கேதான் நம்மில் பலர் கோட்டை விடுகிறோம். முகத்தில் இரண்டு கை தண்ணீர் அடித்து, நுரையை அப்பி, அரை நிமிடத்தில் இழுக்க ஆரம்பித்துவிடுகிறோம். தாடி மயிர் இளக எவ்வளவு நேரமாகிறது என்பதை ஹொலாண்டர், கேசல்மன் இருவரும் அளந்து 1937-லேயே அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதினார்கள். சில நிமிடங்கள் பிடிக்கும், வெந்நீரில் சீக்கிரம் ஆகும். முகத்தின் எண்ணெய்ப் பசையைச் சோப்பு முதலில் அகற்றிவிட்டால் தண்ணீருக்கு வழி கிடைக்கும். குளித்து முடித்த கையோடு சவரம் செய்யுங்கள் என்று தோல் மருத்துவர்கள் சொல்வதன் நியாயம் இதுதான். வெந்நீர் என்றால் கை பொறுக்கும் சூடு போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் தோல் வறண்டு, எரிச்சல் அங்கிருந்தே தொடங்கிவிடும். சித்திரை மாதத்தில் சென்னைவாசிகளுக்கு அடுப்பே தேவையில்லை, மொட்டை மாடித் தொட்டி பார்த்துக்கொள்ளும்.

பழைய சலூன்காரர் வேலை செய்வதைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் பீச்சாங்குழலில் தண்ணீர் அடித்து, விரலால் தாடையைத் தேய்ப்பார். கிரீமைக் கடலை அளவு பிதுக்கி கன்னத்துக்கு ஒன்று, மோவாய்க்கு ஒன்றாக வைப்பார். பிறகு பிரஷ்ஷை வட்ட வட்டமாகச் சுழற்றிக்கொண்டே நேற்றைய மேட்சையும் கவுன்சிலரையும் பிடித்துக்கொள்வார். நுரை காய்வதுபோல இருந்தால் பிரஷ்ஷை மக்கில் ஒரு முக்கு முக்கி மறுபடியும் சுழற்றுவார். நாம் ‘சீக்கிரம் முடிங்கண்ணே’ என்று அவசரப்படுத்தும் அந்த ஊர்க்கதை நேரத்தில்தான் தாடி ஊறுகிறது. பிரஷ்ஷின் சுழற்சி படிந்து கிடக்கும் மயிரைக் கிளப்பி நிறுத்தி, அதன் அடி வரைக்கும் ஈரத்தைக் கொண்டுசேர்க்கிறது.

நுரை தானாக மயிரை இளக்குவதில்லை. தண்ணீரை மயிரோடு பிடித்து வைப்பதும், பிளேடு வழுக்கிப் போக வழிசெய்வதும் அதன் வேலை. குளியல் சோப்பு பெரும்பாலும் சோடியம் உப்பு, கெட்டியானது, அதன் நுரை முகத்தில் சீக்கிரம் காய்ந்துவிடும். ஷேவிங் கிரீமின் பின்பக்கத்தைப் படித்தால் ஸ்டியரிக் அமிலம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கிளிசரின் என்று இருக்கும். பொட்டாசியம் சோப்பு இளகலானது, எளிதில் கரையும். ஸ்டியரிக் அமிலம் நுரையை அடர்த்தியாக நிற்க வைக்கும். கிளிசரின் ஈரத்தை விடாது.

ஆனால் எவ்வளவு நல்ல கிரீமானாலும் போர் தண்ணீரிடம் தோற்றுப்போகும். உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைப் பிடித்துக் கரையாத கசடாக்கிவிடுகின்றன. குளியலறை வாளியில் ஒட்டியிருக்கும் அந்த வெள்ளைப் பிசுக்கு அதுதான். பிரஷ்ஷை எவ்வளவு சுழற்றினாலும் நுரை எழும்பாமல் போனாலோ, எழும்பியதும் அடங்கிப்போனாலோ, கிரீமின் பிராண்டை மாற்றிப் பயனில்லை. நுரை போட மட்டும் ஒரு குவளை குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். டப்பா நுரை எந்த ஊரிலும் ஒரே மாதிரி வருவதன் சூட்சுமமும் இதுதான். அதில் பெரும்பகுதி, தொழிற்சாலையிலேயே சேர்த்த நல்ல தண்ணீர்.

இத்தனையும் ஆனபின் பிளேடுக்கு அதிக வேலை இருக்காது. அழுத்தாமல், மயிர் வளரும் திசையிலேயே இழுத்தால் போதும். வழவழப்புக்கு ஆசைப்பட்டுத் தோலை இழுத்துப் பிடித்து எதிர்த்திசையில் வழித்தால், மயிர் தோலின் மட்டத்துக்குக் கீழே வெட்டுப்படும். பல பிளேடு ரேசர்களிலும் இந்த ஆபத்து உண்டு. முதல் பிளேடு மயிரைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிட, அது உள்வாங்குவதற்குள் அடுத்தது அறுத்துவிடுகிறது. சுருட்டைத் தாடிக்காரர்களுக்கு அந்த மயிர் வளரும்போது தோலுக்குள்ளேயே வளைந்து குத்தி, கழுத்து நெடுகப் பருப்பருவாகக் கிளம்பும்.

கடைசியாகப் படிகாரம். அதிலுள்ள அலுமினியம் புரதங்களை உறையவைத்து, சின்னக் கீறல்களின் ரத்தக்கசிவை நிறுத்துகிறது. சலூனில் எல்லோர் முகத்திலும் ஒரே கல் ஓடுவது எனக்குச் சம்மதமில்லை. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாள் தாக்குப்பிடிக்கும். புது பிளேடு கேட்டு வாங்குகிறவர்கள்கூட அந்தக் கல்லைப் பற்றி வாய் திறப்பதில்லை. நாட்டு மருந்துக் கடையில் சில ரூபாய்க்குச் சொந்தமாக ஒரு கட்டி வாங்கிவிடலாம்.

வீட்டில் வைத்திருந்தால் அதற்கு இன்னொரு உபயோகமும் உண்டு. சவரம் முடிந்து முகம் கழுவியதும் ஈரத்தோடு தேய்த்துப் பாருங்கள். எங்கே சுரீரென்கிறதோ, அங்கே பிளேடு மயிரோடு தோலையும் சுரண்டியிருக்கிறது. பெரும்பாலும் அது கழுத்தாக இருக்கும், தொண்டை முடிச்சுக்கு இரண்டு பக்கமும். அங்கே மயிர் பலருக்குப் பக்கவாட்டில் வளரும். நுரை போடும்போது நாம் கடைசியில், ஒப்புக்கு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு விடுகிற இடமும் அதுதான்.