தாம்பரத்துல இருந்து பல் மருத்துவர் ஆகணுமா? பி.டி.எஸ். கவுன்சலிங் முதல் மெழுகுப் பல் வரை

நீட் ரிசல்ட் வந்ததும் தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர் பக்கம் பல வீடுகளில் இதே பேச்சுதான். "எம்.பி.பி.எஸ். மார்க் வரலை. பி.டி.எஸ். போட்டுடலாமா, இல்ல இன்னொரு வருஷம் உட்கார்ந்து படிக்கலாமா?" இதற்கு யாரும் ஒரே பதில் சொல்லிவிட முடியாது. ஆனால் முடிவெடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன. அதில் முதலாவது, நம்ம ஏரியாவைச் சுற்றியுள்ள பல் மருத்துவக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் ஒரே கவுன்சலிங் கிடையாது.

பி.டி.எஸ். சேர நீட் கட்டாயம். எம்.பி.பி.எஸ்-க்கு எழுதும் அதே தேர்வு, அதே 720 மதிப்பெண். தகுதி பெற பொதுப்பிரிவினர் 50-வது பர்சன்டைல் எடுக்க வேண்டும். ஓபிசி, எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 40. ஆனால் இது வெறும் தகுதிதான். சீட் கிடைப்பதை ரேங்க்தான் முடிவு செய்யும்.

ஒரே ரோடு, ரெண்டு கவுன்சலிங்

தாம்பரத்தில் இருந்து செங்கல்பட்டு ரயிலில் ஏறினால் பொத்தேரியில் எஸ்.ஆர்.எம். காட்டாங்குளத்தூர் பல் மருத்துவக் கல்லூரி. வேளச்சேரி சாலையில் போனால் பள்ளிக்கரணையில் ஸ்ரீ பாலாஜி பல் மருத்துவக் கல்லூரி. இவை இரண்டும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவை. நிகர்நிலை சீட் எல்லாமே மத்திய அரசின் எம்.சி.சி. நடத்தும் ஆன்லைன் கவுன்சலிங்கில்தான் நிரம்பும். கட்டணத்தையும் அந்தப் பல்கலைக்கழகமே நிர்ணயிக்கும். தமிழ்நாட்டின் 69 சதவீத இட ஒதுக்கீடோ, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீதமோ அங்கே கிடையாது.

அதே தாம்பரத்தில் இருந்து வண்டலூர் போய் கேளம்பாக்கம் சாலையில் திரும்பினால் ரத்தினமங்கலத்தில் தாகூர் பல் மருத்துவக் கல்லூரி. ஈசிஆரில் உத்தண்டியில் ராகாஸ், செங்கல்பட்டு பக்கம் ஆசான். இவை தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த தனியார் கல்லூரிகள். இவற்றின் அரசு ஒதுக்கீடு, நிர்வாக ஒதுக்கீடு இரண்டுமே கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு வழியாகத்தான். நிர்வாக ஒதுக்கீடு என்றால் நேரா காலேஜ் ஆபீஸில் போய் பணம் கட்டி சேர்ந்துடலாம் என்று யாராவது புரோக்கர் சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

அரசுக் கல்லூரி என்றால் சென்னையில் இருப்பது தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி. கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருப்பதால் தாம்பரம்–பீச் ரயிலில் ஏறினால் வண்டி மாறவே வேண்டாம். ஹாஸ்டல் செலவும் இல்லை. இது தவிர சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. மாநிலத்தின் அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும். மீதியைத்தான் தேர்வுக் குழு நிரப்பும்.

ஆக, இரண்டிலும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். நீட்டுக்கு விண்ணப்பித்ததே போதும் என்று நினைத்து மாநிலக் கவுன்சலிங்கின் கடைசித் தேதியைத் தவறவிடுவது ஒவ்வொரு வருஷமும் நடக்கிறது.

டெபாசிட் விஷயத்தில் உஷார்

எம்.சி.சி-யில் நிகர்நிலைக்குப் பதிவு செய்ய கடந்த ஆண்டுகளில் 5,000 ரூபாய் கட்டணமும் 2 லட்சம் ரூபாய் டெபாசிட்டும் கேட்டார்கள். டெபாசிட் திரும்பக் கிடைக்கும், ஆனால் நிபந்தனையோடு. முதல் சுற்றில் சீட் வந்து சேராமல் விட்டால் பிரச்சினை இல்லை. இரண்டாம் சுற்றில் வந்த சீட்டை விட்டால் பணம் போச்சு. அதனால் கட்டணம் கட்ட முடியாத கல்லூரியை 'சும்மா இருக்கட்டும்' என்று லிஸ்ட்டில் போடாதீர்கள். சேர்ந்த பிறகு படிப்பை நிறுத்தினாலும் அபராதம் உண்டு. தொகை எவ்வளவு என்பது அந்தந்த ஆண்டின் தகவல் தொகுப்பேட்டில் இருக்கும். பி.டி.எஸ். சேர்ந்துகொண்டே அடுத்த நீட் எழுதலாம் என்று பிளான் வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கத்தை முதலில் படியுங்கள்.

7.5 சதவீத ஒதுக்கீட்டில் வர 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. ஆர்டிஇ-யில் தனியார் பள்ளியில் 8 வரை படித்துவிட்டு 9-ல் அரசுப் பள்ளிக்கு மாறியவர்களுக்கு வாய்ப்பு உண்டு. இந்த ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரி சீட் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அப்பா விமானப்படையிலோ ரயில்வேயிலோ இருந்து டிரான்ஸ்பர் ஆகி தாம்பரம் வந்தவர்கள் நேட்டிவிட்டி சான்றிதழை இப்போதே இ-சேவை மையத்தில் எழுதிப் போட்டுவிடுங்கள். கவுன்சலிங் வாரத்தில் அங்கே கூட்டம் தாங்காது.

உள்ளே போனதும் என்ன நடக்கும்?

படிப்பு 4 ஆண்டு, பயிற்சி மருத்துவராக 1 ஆண்டு, மொத்தம் 5. முதல் வருஷம் அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி என்று பார்த்தால் எம்.பி.பி.எஸ். மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் மெழுகுக் கட்டியில் ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு பல்லையும் அதன் அளவு, மேடு, பள்ளம் மாறாமல் மெழுகில் செதுக்கிக் காட்ட வேண்டும். பயாலஜியில் 340 வாங்கியவர்களுக்கும் இங்கே கை நடுங்கும். வாரக்கணக்கில் செதுக்கினால்தான் பழகும். இரண்டாம் வருஷம் பொம்மைத் தலையில் பல் அடைப்பது, பல் செட் அடுக்குவது. கருவிகளைப் பெரும்பாலும் நாமே வாங்க வேண்டும். சீனியர்களிடம் செகண்ட் ஹேண்டில் எது வாங்கலாம், எது கூடாது என்று கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள்.

மூன்றாம் வருஷம் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்குவீர்கள். உண்மையான டென்ஷன் அப்போதுதான். சொத்தைப் பல் அடைப்பது, பல் எடுப்பது, க்ளீனிங், பல் செட் என ஒவ்வொரு துறையிலும் இத்தனை கேஸ் முடிக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. நோயாளி வராவிட்டால் கணக்கு முடியாது. பக்கத்து வீட்டுத் தாத்தாவை பல் செட்டுக்கு அழைத்துப் போவதெல்லாம் பல் மருத்துவ மாணவர் வீடுகளில் சகஜம். அந்தத் தாத்தா நான்கைந்து முறை வர வேண்டியிருக்கும். பாதியில் அவர் பேரன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டால் கேஸ் அம்போ. அதனால் கடைசி மாதத்துக்குத் தள்ளாமல், கிளினிக் போஸ்டிங் தொடங்கிய வாரமே கேஸ் சேர்க்கத் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம்.

நான்காம் வருஷத்தில் எட்டு பாடங்கள். 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும். தியரியிலும் பிராக்டிக்கலிலும் தனித்தனியாக 50 சதவீதம் எடுத்தால்தான் பாஸ்.

முடித்த பிறகு தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தால் சிகிச்சை அளிக்கலாம். ஆனால் தாம்பரத்தில் ஒவ்வொரு தெருவிலும் பல் கிளினிக் போர்டு தொங்குகிறது. படித்து முடித்த கையோடு சொந்த கிளினிக் என்பது பெரும்பாலானவர்களுக்கு நடைமுறையில் கஷ்டம். முதல் சில ஆண்டுகள் வேறொரு டாக்டரிடம் வேலை செய்வார்கள், அல்லது 3 ஆண்டு எம்.டி.எஸ். படிக்க நீட் எம்.டி.எஸ். எழுதுவார்கள். அரசு வேலைக்கு எம்.ஆர்.பி. அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். 2023-ல் நிறைவேறிய தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டத்தில், இறுதியாண்டு மாணவர்களுக்கு 'நெக்ஸ்ட்' என்ற பொதுத் தேர்வுக்கும் இடம் உண்டு. இப்போது சேர்பவர்கள் அந்த அறிவிப்புகளைக் கவனித்துவருவது நல்லது.

சாய்ஸ் லிஸ்ட் போடும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. போட நினைக்கும் கல்லூரிக்கு ஒரு வேலைநாள் காலை பத்து மணிக்கு, பல்வலி இருக்கோ இல்லையோ, ஓபி சீட்டு வாங்கிக்கொண்டு போய் உட்காருங்கள். எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், எத்தனை நாற்காலியில் மாணவர்கள் வேலை பார்க்கிறார்கள், எத்தனை சும்மா கிடக்கின்றன என்று எண்ணுங்கள். மூன்றாம் வருஷம் உங்களுக்குக் கேஸ் கிடைக்குமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.