புதுக் கேமரா வந்தாச்சு, முதல் மாசமே வாங்கணுமா?

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த வாரம் ஒரே ஒரு கேள்விதான். ஆனா நிறைய பேர் நேரிலும் கேட்கிற கேள்வி, அதனால் முழு எபிசோடும் அதுக்கே.

ஒரு தம்பி குரல் பதிவு அனுப்பியிருந்தார். சின்ன ஊரில் ஸ்டூடியோ, எட்டு வருஷமாகக் கல்யாணம் எடுக்கிறார். அவர் சொன்னது இதுதான்: "அண்ணா, புது பாடி ஒண்ணு வந்திருக்கு. நாலே கால் லட்சம் சொல்றாங்க. பாதிக்கு வீட்டு நகையை வச்சுக்கலாம்னு வீட்ல சொல்லிட்டாங்க, மீதி இஎம்ஐ. தை முகூர்த்தத்துக்குள்ள கைக்கு வரணும். இப்பவே புக் பண்ணவா, இல்ல விலை இறங்கட்டும்னு இருக்கவா?"

எந்த மாடல்னு நான் சொல்லப்போறதில்லை. அடுத்த வருஷம் வேற மாடல் வரும், கேள்வி இதேதான் இருக்கும். கணக்குப் போட மட்டும், விலை தெரிந்த ஒரு மாடலை எடுத்துக்கலாம். கேனன் ஆர்5 மார்க் 2. 2024 ஜூலையில், இங்கே ஆடி பிறந்த சமயத்தில் அறிவித்தார்கள். அப்போது இந்திய விலை பாடிக்கு மட்டும் 4,25,995 ரூபாய். அதுக்கு முந்தைய ஆர்5 2020ல் வந்தபோது 3,39,995.

முதல் விலையில் நாம் எதை வாங்குகிறோம்?

வெளியீட்டு விலையைக் கேமராவின் விலை என்று நினைக்கிறோம். அதில் இன்னொன்றும் சேர்ந்திருக்கு: மற்றவர்களுக்கு முன்னால் அதைக் கையில் வைத்திருக்கும் அந்த முதல் வருஷம். விலை குறைவதும் சலுகைகள் வருவதும் அந்த வருஷம் கழியும்போதுதான். செகண்ட் ஹேண்ட் மதிப்பு பலமா இறங்குவதும் அப்போதுதான். ஆக, "இந்தக் கேமரா நல்லதா?" என்பது இங்கே கேள்வி இல்லை. இந்த விலையில் வரும் எல்லாமே நல்ல கேமராதான். "இந்த முதல் வருஷம் எனக்கு எவ்வளவு சம்பாதிச்சுக் கொடுக்கும்?" இதைத்தான் கேட்கணும்.

முதலில் வாங்குபவர்கள்தான் சோதிப்பவர்கள்

எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சரி, முதல் தொகுப்பில் வாங்குபவர்கள் கையில்தான் சில குறைகள் வெளியே தெரியும். நிக்கான் டி600 ஞாபகம் இருக்கா? 2012 செப்டம்பரில் வந்தது. கொஞ்ச நாளிலேயே சென்சார் மேல் எண்ணெய், தூசிப் புள்ளிகள் விழுகின்றன என்று புகார். 2013 அக்டோபரில் புது ஷட்டரோடு டி610 வந்துவிட்டது. டி600 வைத்திருந்தவர்களுக்கு, உத்தரவாதக் காலம் முடிந்திருந்தாலும் இலவசமாக ஷட்டர் மாற்றித் தருகிறோம் என்ற அறிவிப்பு 2014 பிப்ரவரியில்தான் வந்தது. நல்ல முடிவுதான். ஆனா அதற்குள் ஒன்றரை வருஷம் போயிடுச்சு, கையிலிருந்த பாடியும் பழைய மாடல் ஆயிடுச்சு.

ஆர்5-லும் ஒரு பாடம் உண்டு. 8கே வீடியோ எடுக்கும் என்றுதான் அது பேசப்பட்டது. சூடேறாமல் தொடர்ந்து எடுக்கக்கூடிய நேரம் சுமார் 20 நிமிடம்; தரம் கூடிய 4கே-யில் அரை மணி நேரம். அதுவும் இதமான அறை வெப்பநிலையில். ஏசி இல்லாத மண்டபம், பக்கத்தில் ஓமகுண்டம், தலைக்கு மேல் வீடியோ லைட். அங்கே அந்தக் கணக்கு என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. அப்புறம் பல ஃபர்ம்வேர்கள் வந்தன, நிலைமை மேம்பட்டது. மார்க் 2-வில் காற்றோட்ட வழி வைத்தார்கள், விசிறி உள்ள கிரிப்பைத் தனியாக விற்கிறார்கள். அதாவது முதலில் வாங்கியவர்கள் பட்ட சிரமத்தின் பலன் இரண்டாவது மாடல் வாங்கியவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

நிக்கான் இசட்8, 2023 மே மாதம் வந்தது. சில பாடிகளில் லென்ஸ் சரியாகப் பூட்டவில்லை, சிலவற்றில் வார் மாட்டும் வளையம் தளர்கிறது என்று அந்த வருஷமே கம்பெனியே அறிவித்துச் சரிசெய்து கொடுத்தது. கழுத்தில் மூன்றரை லட்சத்தைத் தொங்கவிடுகிற நமக்கு வளையம் சின்ன விஷயம் இல்லை.

எல்லாமே குறைதான் என்று சொல்லவில்லை. இசட்9 2021 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. 2022 ஏப்ரலில் வந்த இரண்டாவது பெரிய ஃபர்ம்வேரில் 8கே 60 ஃப்ரேம் ரா வீடியோ உட்பட நிறைய வசதிகள் இலவசமாகக் கிடைத்தன. முதலில் வாங்கியவர்களும் சந்தோஷப்பட்டார்கள். ஆனா அரை வருஷம் பொறுத்தவர்களுக்கு முதல் நாளிலேயே முழுக் கேமரா கிடைத்தது.

என் கதையையும் சொல்லிடறேன். ஒரு தடவை, வெளிவந்த வாரமே ஒரு பாடி வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். எடுத்து முடித்து வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டால் ரா ஃபைல் திறக்கவில்லை. நான் எடிட் பண்ணும் சாஃப்ட்வேரில் அந்த மாடலுக்கான ஆதரவு இன்னும் வரவில்லை. பெண் வீட்டில் "சார், நாலு படமாவது அனுப்புங்க"ன்னு தினமும் போன். நல்லவேளை, இன்னொரு கார்டில் ஜேபெக்கும் பதிவாகியிருந்தது. அப்டேட் வரும்வரை அதை வைத்துச் சமாளித்தேன். கேமராமேல் தப்பில்லை, சாஃப்ட்வேர்மேலும் தப்பில்லை. வாங்குவதற்கு முன்னால் விசாரிக்காதது என் தப்பு.

இப்போ கணக்கு

ஒரு பேப்பரை எடுத்துக்கோங்க. நான் சொல்லும் சதவீதங்கள் உதாரணத்துக்குத்தான், உங்களுடையதைப் போட்டுக்கோங்க.

பாடி 4,26,000. ஒரு வருஷம் கழித்து விற்றால் கால்வாசி மதிப்பு போயிருக்கும்னு வச்சுக்குவோம்: 1,06,500. இதை எப்படி ஊகிப்பது? அதற்கு முந்தைய மாடல் இன்றைக்குச் செகண்ட் ஹேண்டில் என்ன விலைக்குப் போகிறது, வந்து எத்தனை வருஷமாச்சுன்னு பாருங்க. ஓரளவு பிடிபடும்.

அடுத்து வட்டி. முழுப் பணமும் கடன், நகையும் இஎம்ஐயும் சேர்த்துச் சராசரி 12 சதவீதம், இரண்டு வருஷத் தவணைன்னு வச்சால், மாதம் சுமார் 20,000 கட்டணும். முதல் வருஷ வட்டி மட்டும் ஏறத்தாழ 40,000. "நோ காஸ்ட் இஎம்ஐ"ன்னு கடையில் சொல்வார்கள். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013ல் வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. மொத்தப் பணம் கொடுப்பவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி உங்களுக்குக் கிடைக்காமல் போகும், இல்லாட்டி ப்ராசஸிங் கட்டணம்னு எங்கேயாவது அந்த வட்டி ஒளிந்திருக்கும்.

மூன்றாவது, கூடவே வரும் செலவு. வேகமான சிஎஃப்எக்ஸ்பிரஸ் கார்டு, கூடுதல் பேட்டரி, பெரிய ஃபைல்களுக்கு ஹார்ட் டிஸ்க். ஆர்5 மார்க் 2-வுக்குப் புதுவகை பேட்டரி. பழையதும் பொருந்தும், ஆனா சில வசதிகள் வேலை செய்யாது. இதுக்கெல்லாம் 35,000 போடுவோம்.

மொத்தம் 1,81,500. வருஷத்துக்கு 30 கல்யாணம் எடுத்தால், ஒரு கல்யாணத்துக்கு ஆறாயிரத்தைத் தாண்டுகிறது. புது கேமரா என்பதற்காக ஒவ்வொரு பார்ட்டியும் ஆறாயிரம் கூடக் கொடுப்பார்களா? இல்லை, இந்தக் கேமரா இருந்தால்தான் கிடைக்கும் என்கிற வேலை ஏதாவது வருதா? ரெண்டில் ஒன்றுக்கு "ஆமாம்" என்றால் வாங்குங்க. ரெண்டுக்கும் பதில் இல்லை என்றால், அந்த ஆறாயிரம் உங்க லாபத்திலிருந்துதான் போகும்.

ஒரே கேமரா, ரெண்டு விலை

ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. டிஜிட்டல் கேமராவுக்கு ஜிஎஸ்டி முன்பு 28 சதவீதம். 2019 ஜனவரி முதல் 18. அந்த 4,25,995 ரூபாயில் வரி மட்டும் சுமார் 65,000. ஜிஎஸ்டி பதிவு உள்ள ஸ்டூடியோ, தொழில் பெயரில் பில் வாங்கினால், இதைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். சேவைத் தொழிலுக்குப் பதிவு கட்டாயமாகும் வரம்பு வருஷ வரவு 20 லட்சம். அதுக்குக் கீழே பதிவில்லாமல் இருப்பவருக்கு இந்தக் கழிவு கிடையாது. சென்னையில் பெரிய ஸ்டூடியோக்காரர் முதல் நாளே வாங்கிட்டார்னு நாமும் ஓட வேண்டியதில்லை. அவருக்கு அது மூன்றரை லட்சத்துச் சொச்சக் கேமரா, நமக்கு நாலே கால் லட்சம்.

விலை குறைவு என்று பில் இல்லாத சரக்கை வாங்கவே வாங்காதீங்க. முதல் தொகுப்பில் குறை வந்தால் நம்மைக் காப்பாற்றுவது வாரண்டி மட்டும்தான்.

காத்திருப்பதற்கும் விலை உண்டு

எப்பவும் பொறுத்திருங்கன்னு சொன்னால் அதுவும் பொய். ஃபுஜிஃபிலிம் எக்ஸ்100வி 2020ல் 1,399 டாலருக்கு வந்தது. ரெண்டு வருஷம் கழித்துச் சமூக ஊடகத்தில் திடீரென்று புகழ் பெற்றது. கடையில் கிடைக்காமல், செகண்ட் ஹேண்டே புது விலையைத் தாண்டிப் போனது. பொறுத்தவர்களுக்குத்தான் நஷ்டம். நம்ம ஊருக்குக் கேமரா பெரும்பாலும் ஜப்பான், தாய்லாந்திலிருந்து வருவதால், ரூபாய் இறங்கினால் விலை ஏறவும் செய்யலாம்.

கையிலிருக்கும் பாடி நம்ப முடியாத நிலைக்கு வந்துவிட்டது என்றாலும் காத்திருக்கக் கூடாது. ஆனா அப்போதும், போன மாடல் விலை குறைந்து கிடைக்குதான்னு முதலில் பார்க்கணும். புது மாடல் வந்ததால் நமக்குக் கிடைக்கும் பெரிய நன்மையே அதுதான்.

அந்தத் தம்பிக்கு

அவருக்குப் போன் பண்ணினேன். "இப்ப இருக்கிற கேமரா எந்த இடத்துல உங்களைக் கைவிட்டுது?"ன்னு கேட்டேன்.

"மண்டபத்துல லைட் கம்மிண்ணா. தாலி கட்டுற நேரத்துல எல்லாரும் எழுந்து முன்னாடி வந்துடுவாங்க. கெடைக்கிற இடத்துல நின்னு எடுத்தா நாய்ஸ் அடிக்குது, சிலது ஆடிடுது."

"லென்ஸ் என்ன?"

"24-105, எஃப்/4."

"பேக்கப் பாடி?"

கொஞ்சம் தயங்கினார். "அவசரம்னா பக்கத்து ஊர் ஃப்ரெண்டுகிட்ட வாங்கிப்பேண்ணா."

அவருடைய பிரச்சினை அங்கேயே தெரிந்துவிட்டது. எஃப்/4 லென்ஸுக்குப் பதில் எஃப்/1.8 ப்ரைம் போட்டால் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். எந்தப் புது பாடியும் அவ்வளவு வித்தியாசம் கொடுக்காது. அதைவிடப் பெரிய ஆபத்து, ஒரே பாடியோடு முகூர்த்தத்துக்குப் போவது. தாலி கட்டுவதை இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியாது. நாலே கால் லட்சத்துக்குப் புது பாடி வாங்கினாலும், அந்த நேரத்தில் அது நின்றுவிட்டால் பழையதைத்தான் எடுக்கணும்.

புது பாடியில் அவருக்கு உண்மையிலேயே உதவக்கூடிய வசதி இருக்கலாம், அதையும் சொன்னேன். உதாரணத்துக்கு, ஆர்5 மார்க் 2-வில் பெண், மாப்பிள்ளை முகங்களை முன்கூட்டியே பதிவு செய்து வைத்தால், கூட்டத்தில் அவர்களையே ஃபோகஸ் தேடிப்போகும். கல்யாண வேலைக்கு இது விளையாட்டு வசதி இல்லை. "ஆனா விளம்பரத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க தம்பி. ரெண்டு முகூர்த்தத்துக்கு வாடகைக்கு எடுங்க. பழைய பாடியையும் கூட வச்சுக்கிட்டு எடுங்க. ஆல்பத்துக்குப் போற படங்கள்ல எத்தனை புதுசுல எடுத்தது, எத்தனை பழசுல எடுத்ததுன்னு எண்ணிப் பாருங்க."

ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அப்ப நகையை வைக்க வேணாங்கறீங்களா?"ன்னு கேட்டார்.

"இந்தத் தைக்கு வேணாம். ஒரு ப்ரைம் லென்ஸ், வாரண்டி மிச்சமிருக்கிற செகண்ட் ஹேண்ட் பாடி ஒண்ணு. இது ரெண்டும் உங்க வருமானத்துலயே சமாளிக்கக்கூடிய தொகை. ஆவணிக்கு முன்னாடி மறுபடி கணக்கைப் போடுவோம். அப்ப புது பாடிதான்னு வந்தா, நானே வாங்கச் சொல்றேன்."

வாடகைக்கு எடுத்துப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். எண்ணிக்கை என்ன வந்தது என்று அவரே ஒரு எபிசோடில் வந்து சொல்வார்.

நீங்களும் புக் பண்ணப் போறதுக்கு முன்னாடி அந்தப் பேப்பர் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்க. வேற மாதிரி விடை வந்தால் எனக்கு எழுதுங்க. அடுத்த வாரம், செகண்ட் ஹேண்ட் பாடி வாங்கும்போது கடையிலேயே நின்று சோதிக்க வேண்டியவை என்னென்னன்னு பேசுவோம்.