சுடாமலே வெடித்த தோட்டாக் கூடு

மழைக்காலம் வந்துவிட்டால் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் நடமாட்டம் குறைந்துவிடும். வானம் வெளுக்கும்வரை தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் அதிர்ச்சி. ஒருமுறைகூடச் சுடப்படாத தோட்டாக்களின் பித்தளைக் கூடு, குண்டைக் கவ்வியிருக்கும் கழுத்துப் பகுதியில் விரிசல் விட்டிருந்தது. யாரும் அதைத் தட்டவுமில்லை, நசுக்கவுமில்லை.

இதற்கு ‘பருவ விரிசல்’ என்று பெயர் வந்தது. மழைப் பருவத்தில் நேர்ந்ததால் அந்தப் பெயர் என்பார்கள். மரத்தை உலர்த்திப் பதமாக்குவதற்கும் ஆங்கிலத்தில் ‘சீசன்’ என்ற அதே சொல்தான். காய்ந்த மரத்தில் விழும் வெடிப்பைப் போல இருந்ததால் வந்த பெயர் என்று சொல்வோரும் உண்டு. காரணத்தை 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் விளக்கினார்கள். குற்றவாளிகள் இரண்டு: ஒன்று பித்தளைக்கு உள்ளேயே இருந்தது, மற்றொன்று லாயத்தில்.

முதலில் உள்ளே இருந்ததைப் பார்ப்போம். தோட்டாக் கூட்டுக்கான பித்தளையில் செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு. வட்டத் தகட்டை அழுத்திக் கிண்ணமாக்கி, அந்தக் கிண்ணத்தை இழுத்து இழுத்துக் குழாயாக்குவார்கள். ஒவ்வொரு இழுப்பிலும் உலோகத்தின் அணு அடுக்குகள் நழுவி, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். சிக்கல் கூடக்கூடப் பித்தளை கடினமாகும். கடைசியில் வாயைக் குறுக்கிக் கழுத்தாக்கி, குண்டைச் செருகி இறுக்குவார்கள். பார்வைக்குச் சும்மா கிடக்கும் அந்தக் கழுத்து, உள்ளுக்குள் இழுத்துக் கட்டிய கயிறாக விறைத்திருக்கும்.

லாயத்தில் இருந்தது அம்மோனியா. குதிரைச் சிறுநீரிலுள்ள யூரியாவை நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது அது வெளிவரும். மழைக்கால ஈரம் பித்தளைமேல் மெல்லிய நீர்ப்படலமாகப் படிய, அம்மோனியா அதில் கரைந்து செம்பை அரிக்கத் தொடங்கும். உலோகம் நுண்ணிய படிக மணிகளால் ஆனது. அந்த மணிகள் ஒட்டியிருக்கும் எல்லையில்தான் அரிப்பு வேகமாக நுழையும். நுழைந்த இடத்தை உள்ளிறுக்கம் பிளந்து விரிக்கும். விரிந்த இடத்தில் அரிப்பு மேலும் இறங்கும். இரண்டில் ஒன்று இல்லாதிருந்தால் கூடு பிழைத்திருக்கும்.

மருந்து எளிது: சூடு. ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினாலே அணுக்கள் சற்று இடம் மாறி அமர, இறுக்கம் தளரும். இன்னும் சூடேற்றினால் புதிய மணிகள் உருவாகிப் பித்தளை மென்மையாகும். ஆனால் மென்மையாக்கும் இந்தச் சிகிச்சை கழுத்துக்கும், அதற்குக் கீழே சரியும் தோளுக்கும் மட்டும்தான். வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கும் அடிப்பாகம் கடினமாகவே இருக்க வேண்டும். அது இளகினால் கொதிக்கும் வாயு சுடுபவர் பக்கமே திரும்பும்.

இந்தப் பாடம் இன்று அமெரிக்க வீட்டுப் பட்டறைகளிலும் நடக்கிறது. சுட்ட கூட்டைத் திரும்பப் பயன்படுத்துவது அங்கே பரவலான பொழுதுபோக்கு. சுடும்போது கூடு விரிந்து, துப்பாக்கிக்குள் தோட்டா அமரும் அறையின் சுவரோடு ஒட்டி அடைத்துக்கொள்ளும்; அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கிக் கழன்று வரும். அதை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும்போது பித்தளை வாய்ப்பக்கமாக நகர்ந்து நீளும். மிஞ்சியதைச் சீவிவிட வேண்டும். ஒரு கூட்டை வேறு ரகமாகவே மாற்றுவதும் உண்டு. 5.56 மி.மீ. தோட்டாவின் 45 மி.மீ. கூட்டைச் சுமார் 35 மி.மீட்டராக நறுக்கி, ‘300 பிளாக்அவுட்’ ரகம் ஆக்குகிறார்கள். பழைய கழுத்தும் தோளும் போய்விட, உடற்பகுதியாக இருந்த சுவரே புதிய கழுத்தாகிறது. சில கூடுகளில் அந்தச் சுவர் வேண்டியதைவிடத் தடிமனாக இருக்கும். அவை இந்த வேலைக்கு ஒத்துவராது. அச்சில் நெருக்குண்ட புதிய கழுத்தும் விறைப்பாக இருப்பதால், பலர் அதை மீண்டும் சூடுகாட்டி இளக்குகிறார்கள்.

கூட்டைப் பளபளப்பாக்கும்போது அனுபவசாலிகள் அம்மோனியா கலந்த பாலிஷைத் தொடுவதில்லை. அந்தப் பழைய லாயத்தைப் பாலிஷ் டப்பாவில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுவருவானேன்!

ராணுவத் தோட்டாக்கள் பலவற்றின் கழுத்தில் நீலமும் பழுப்பும் கலந்த ஒரு கறை தெரியும். கடைத் தோட்டாக்களில் பெரும்பாலும் அதைத் தேய்த்து எடுத்துவிடுவார்கள். ராணுவத் தோட்டாவில் அப்படியே விட்டுவைப்பார்கள். புதிதாகப் பார்ப்பவருக்கு அது அழுக்கு. வாங்கிச் சோதிப்பவருக்கோ, இந்தக் கழுத்து சூடு கண்டது என்பதற்கான அத்தாட்சி.