முதுமையும் வாகனச் சாவியும்

எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு வயது 76. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஸ்கூட்டர் ஓட்டி வருபவர். அண்மையில் ஒரு மாலை நேரத்தில், பள்ளி விட்டு வந்த மாணவன் ஒருவனின் மிதிவண்டி மீது அவரது வண்டி உரசிவிட்டது. பெரிய காயம் ஏதுமில்லை. மறுநாள் காலையில் ஸ்கூட்டர் சாவி வழக்கமாகத் தொங்கும் ஆணியில் இல்லை. செய்தி கேட்டு வெளியூரிலிருந்து ஓடிவந்த மகன், ஊர் திரும்பும்போது அதைத் தன் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதன்பின் இரண்டு மாதங்களாக ஆசிரியரை நூலகத்தில் காணவில்லை. வங்கிக்குச் செல்லக்கூட யாராவது அழைத்துச் செல்வார்களா என்று காத்திருக்கிறார்.

மகனின் அச்சம் நியாயமானது. தந்தையின் வருத்தமும் நியாயமானதே. இவ்விரண்டுக்கும் இடையில் வழியொன்று இருக்கக்கூடும் என்பதை நம் குடும்பங்களும் எண்ணிப் பார்ப்பதில்லை. அரசும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தில் ஓட்டுநர் உரிமத்துக்கு மேல்வயது வரம்பு கிடையாது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 55 வயதைக் கடந்தவர்கள் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். 40 வயதைக் கடந்தவர்கள் படிவம் 1ஏ எனப்படும் மருத்துவச் சான்றிதழை இணைக்க வேண்டும். பார்வை, செவித்திறன், நிறங்களைப் பிரித்தறியும் திறன், மாலைக்கண் எனப் பலவற்றையும் மருத்துவர் சோதித்தறிந்து சான்றளிக்க வேண்டும் என்பதே அப்படிவத்தின் நோக்கம். நடைமுறையில் விண்ணப்பதாரரின் கண்ணைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் கையொப்பமிடும் வழக்கமும் இருப்பது ஊரறிந்த செய்தி. சட்டத்தின் கடிவாளம் காகிதத்தில் தளர்ந்து கிடப்பதால்தான், குடும்பம் ஒரே நாளில் அதை வெடுக்கென்று இழுக்க நேரிடுகிறது.

வயதாகும்போது உடலில் உண்மையில் என்ன நிகழ்கிறது? கருமணி சுருங்கி, கண்ணின் வில்லை மங்குவதால், அறுபது வயதுடையவரின் விழித்திரையை அடையும் ஒளி, இருபது வயது இளைஞருக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். எதிரே வரும் வாகனத்தின் முகப்பு விளக்கால் கூசிய கண், மீண்டும் தெளிவு பெறவும் கூடுதல் நேரமாகிறது. இன்றைய எல்இடி விளக்குகளின் முன்னால் இளைஞர்களே தடுமாறுகிறார்கள் என்பது வேறு கதை. கண்நீர் அழுத்த நோய் இன்னும் வஞ்சகமானது. அது பக்கவாட்டுப் பார்வையைச் சிறுகச் சிறுகக் கவர்ந்து செல்லும். நேர்ப்பார்வை நன்றாக இருப்பதால் பாதிக்கப்பட்டவருக்கே அது தெரியாது. குறுக்கே வந்த அந்த மிதிவண்டியை ஆசிரியர் ஏன் பார்க்கவில்லை என்று மகன் கேட்டிருக்க வேண்டும். அவர் கேட்கவில்லை.

கழுத்து இறுகிப்போனவரால் தலையைத் திருப்பிப் பின்னால் வருவதைப் பார்க்க இயலாது. சந்திப்பில் வலப்புறம் திரும்புவதற்கு, எதிரே வரும் வாகனத்தின் வேகத்தைக் கணித்து ஒரு நொடியில் முடிவெடுக்க வேண்டும். முதியோர் பெரிதும் தடுமாறும் இடம் அதுவே. தூக்க மாத்திரைகளும், சளிக்கும் ஒவ்வாமைக்கும் தரப்படும் சில மருந்துகளும் மயக்கத்தை உண்டாக்குகின்றன. இன்சுலின் போட்டுக்கொண்டு வேளைக்கு உண்ணாமல் வண்டியெடுத்தால் சர்க்கரை தாழ்ந்து கண் இருளக்கூடும். இக்குறைகளில் பல சரிசெய்யக் கூடியவை. கண்புரையை அறுவை சிகிச்சையால் நீக்கலாம். மருந்தை மாற்றித் தருமாறு மருத்துவரிடம் கேட்கலாம்.

இச்சிக்கலை நமக்கு முன்பே எதிர்கொண்ட நாடு ஜப்பான். உரிமத்தைத் தாமாகத் திருப்பியளிக்கும் முறை அங்கு 1998-இல் வந்தது. திருப்பியளித்தவர்களுக்கு அடையாள ஆவணமாகவும் பயன்படும் சான்றிதழ் ஒன்று வழங்கப்படுகிறது. பல ஊர்களில் அதைக் காட்டினால் பேருந்து, டாக்ஸி கட்டணத்தில் சலுகை உண்டு. 2019 ஏப்ரலில் டோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில், 87 வயது முதியவர் பிரேக் என்று எண்ணி ஆக்ஸிலரேட்டரை மிதித்ததில் ஒரு தாயும் மூன்று வயதுக் குழந்தையும் உயிரிழந்தனர். நாடே அதிர்ந்தது. அவ்வாண்டில் மட்டும் சுமார் ஆறு லட்சம் பேர் உரிமத்தைத் திருப்பியளித்தனர். 75 வயதைக் கடந்து, குறிப்பிட்ட விதிமீறல்களில் சிக்கியவர்களுக்கு 2022 முதல் ஓட்டுத்திறன் தேர்வும் கட்டாயமாக்கப்பட்டது. தானியங்கி பிரேக் பொருத்திய கார்களை மட்டுமே ஓட்ட அனுமதிக்கும் வரையறுக்கப்பட்ட உரிமமும் அப்போதே அறிமுகமானது.

ஆனால், அங்கிருந்து இன்னொரு பாடமும் வந்திருக்கிறது. 75 வயதைக் கடந்தவர்களுக்கான நினைவாற்றல் தேர்வு 2017-இல் கடுமையாக்கப்பட்ட பின் அவ்வயதினரின் கார் மோதல்கள் குறைந்தன. அதே வேளையில், அவர்கள் நடந்தும் மிதிவண்டியிலும் செல்லும்போது அடையும் காயங்கள் கூடின என்று அந்நாட்டு ஆய்வாளர்களே 2023-இல் வெளியிட்டனர். வாகனத்தை விட்டவர் வீட்டில் முடங்குவதால் மனச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று 2016-இல் வெளியான அமெரிக்கத் தொகுப்பாய்வு ஒன்றும் கூறுகிறது. சாவியை வாங்கி வைப்பது ஆபத்தை இடம் மாற்றலாமே தவிர, முற்றிலும் நீக்கிவிடாது.

நடைபாதையே இல்லாத நம் ஊர்களில் இது எவ்வளவு பொருந்தும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சென்னை மாநகரப் பேருந்துகளில் 60 வயது கடந்தவர்களுக்கு மாதம் பத்து இலவசப் பயணங்கள் என்ற திட்டம் 2016-இல் தொடங்கியது. மகளிருக்குச் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் 2021-இல் வந்தது. இரண்டும் நல்லவையே. எனினும், மூட்டுவலி உள்ளவருக்குத் தடை கட்டணம் மட்டும்தானா? தரையிலிருந்து முழங்காலுக்கு மேல் உயர்ந்து நிற்கும் முதல் படியை அவரால் ஏற முடியாது. ஏறி அமர்வதற்குள் வண்டி கிளம்பிவிடுகிறது. தாழ்தளப் பேருந்துகள் சென்னையில் 2024-இல் மீண்டும் வந்தன. அவை சிறு நகரங்களை எட்டும் நாள்தான், அங்குள்ள முதியவர்கள் வண்டியை விட்டுவிடத் துணியும் நாள்.

அதுவரை படிவம் 1ஏ உண்மையான பரிசோதனையாக வேண்டும். 65 வயதுக்கு மேல் கண் மருத்துவரின் சான்றும், அதில் பக்கவாட்டுப் பார்வைச் சோதனையும் கட்டாயமாகலாம். பகலில் மட்டும், குறிப்பிட்ட தொலைவுக்குள் மட்டும் என்று வரையறுத்த உரிமம் வழங்கவும் சட்டத்தில் இடம் காணலாம்.

ஆசிரியரின் மகனிடம் தொலைபேசியில் பேசினேன். அடுத்த முறை வரும்போது அப்பாவைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதாகச் சொன்னார். மருத்துவர் சம்மதித்தால் காலை ஏழு மணிக்கு மேல், வெயில் தாழ்வதற்குள், நெடுஞ்சாலையைத் தொடாமல் நூலகம் வரை மட்டும் என்று பேசி முடித்திருக்கிறோம். சாவி இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.