கடலை மிட்டாய்க் கணக்கில் ஒரு ஃபங்ஷன்! ப்ளஸ் டூ மாணவர்கள் சறுக்கும் அந்த ஒரு வரி

பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி ஆலயத் திருவிழாவில் ஒரு கடலை மிட்டாய்க் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கூட்டம் நெரிக்கிறது. ஒருவர் 3 பாக்கெட் கேட்கிறார், அடுத்தவர் 12 கேட்கிறார். கடைக்காரர் யாருக்கும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. எத்தனை பாக்கெட், ஒரு பாக்கெட் என்ன விலை என்ற இரண்டும் தெரிந்தால் போதும். பெருக்குவார், தொகையைச் சொல்வார், அடுத்த ஆளைப் பார்ப்பார்.

கம்ப்யூட்டர் புரோகிராமில் இந்த வேலைக்குப் பெயர்தான் ஃபங்ஷன். தமிழ்நாடு அரசின் பாடநூல் இதை 'செயற்கூறு' என்கிறது. 2019-ல் வந்த பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் புத்தகத்தில் முதல் பாடமே இதுதான். ஏழாவது பாடத்தில் பைத்தான் மொழியின் செயற்கூறுகள் என்று மறுபடியும் வருகிறது. ஒரே விஷயத்துக்கு இரண்டு பாடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள் என்றாலே அதன் முக்கியத்துவம் புரியும்.

ஆனால், கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம் பக்கம் தமிழ் வழியில் படிக்கும் ஒரு மாணவருக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. விளக்கம் முழுக்கத் தமிழில் இருக்கும். புரோகிராம் வந்ததும் கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்துக்குத் தாவிவிடும். 'டெஃப்' என்று தொடங்கினால் ஃபங்ஷன், 'ரிட்டர்ன்' என்று முடித்தால் பதில் வரும் என்று அப்படியே மனப்பாடம் செய்துவிடுவது எளிது. தேர்வில் மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். கல்லூரி லேபில் சொந்தமாக நாலு வரி எழுதச் சொன்னால்தான் கை நிற்கும்.

தமிழிலேயே எழுதினால்?

இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்ப் பொறியாளர் முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற கணினி மொழியில் கட்டளைகள் எல்லாமே தமிழ்ச் சொற்கள். 2009-ல் ஆய்வுக் கட்டுரையாக அறிமுகமான இந்த மொழி, பின்னர் யாரும் இலவசமாகப் பயன்படுத்தும் திறமூல மென்பொருளாக வெளியானது. பள்ளி மாணவர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. இதில் ஃபங்ஷனுக்கு 'நிரல்பாகம்' என்று பெயர். மிட்டாய்க் கடைக் கணக்கை எழிலில் எழுதினால் இப்படி இருக்கும்:

நிரல்பாகம் தொகை( பாக்கெட், விலை )
    பின்கொடு பாக்கெட் * விலை
முடி

பதிப்பி தொகை( 3, 40 )

முதல் மூன்று வரிகள் கணக்குப் போடும் முறையைச் சொல்லிவைக்கின்றன, அவ்வளவுதான். அதோடு நிறுத்திவிட்டு ஓடவிட்டால் திரையில் ஒன்றுமே வராது. 'புரோகிராம் சரியாத்தானே இருக்கு, ஏன் ஓடலை?' என்று புதிதாகக் கற்பவர்கள் முழிப்பது பெரும்பாலும் இங்கேதான். கடலையும் வெல்லமும் வாங்கி வைத்துவிட்டு அடுப்பையே பற்றவைக்காத கதை. கடைசி வரியில் பெயர் சொல்லி அழைத்த பிறகுதான் வேலை நடக்கும். 120 என்று விடை வரும்.

அடைப்புக்குறிக்குள் முதலில் வரும் பாக்கெட், விலை இரண்டும் வெறும் இடங்கள். பாடநூல் மொழியில் 'அளபுருக்கள்'. அழைக்கும்போது அந்த இடங்களில் போய் உட்காரும் 3, 40 என்ற நிஜ எண்கள் 'செயலுருபுகள்'. அடுத்த ஆளுக்கு 12, 40 என்று மாற்றி அழைத்தால் 480. ஃபங்ஷனுக்குள் ஓர் எழுத்தைக்கூடத் தொட வேண்டியதில்லை.

காட்டுவது வேறு, கொடுப்பது வேறு

நிஜமான சறுக்கல் 'பின்கொடு' என்ற வரியில் இருக்கிறது. அந்த இடத்தில் 'பதிப்பி' என்று போட்டால் என்ன ஆகும்? திரையில் அதே 120 வரும். அதனால் இரண்டும் ஒன்றுதான் என்று மாணவர்கள் நினைத்துவிடுகிறார்கள். பைத்தானில் 'பிரிண்ட்', 'ரிட்டர்ன்' என்று படிக்கும்போதும் இதே குழப்பம்தான்.

கடைக்காரர் தொகையைச் சிலேட்டில் எழ்திக் காட்டுவது 'பதிப்பி'. தொகையைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் தருவது 'பின்கொடு'. சிலேட்டில் இருப்பதைப் பார்க்கலாம், அதோடு சரி. கையில் இருக்கும் சீட்டைக் கல்லாவுக்குக் கொண்டுபோகலாம், அடுத்த சீட்டோடு கூட்டலாம், தள்ளுபடி போடலாம். சாயங்காலம் மொத்த வியாபாரத்தைக் கூட்டும்போது சிலேட்டு அழிந்திருக்கும், சீட்டு இருக்கும்.

பைத்தானில் இதன் விளைவு பளிச்சென்று தெரியும். 'ரிட்டர்ன்' இல்லாத ஃபங்ஷன், ஒன்றுமில்லை என்று பொருள்படும் 'நன்' என்ற மதிப்பைத்தான் திருப்பித் தரும். இரண்டு வாடிக்கையாளர் தொகையையும் கூட்டச் சொன்னால், திரையில் 120, 480 இரண்டும் அழகாக வந்து நிற்கும். கூட்ட வேண்டிய 600 மட்டும் வராது. பிழைச் செய்தி வரும். விடை கண்ணெதிரே இருக்க, கம்ப்யூட்டர் இல்லை என்கிறதே என்று குழம்புவது இதனால்தான். ஆங்கிலச் சொல்லில் மறைந்துபோகும் இந்த வித்தியாசம், 'பின்கொடு' என்ற தமிழ்ச் சொல்லில் தானாகவே தெரிந்துவிடுகிறது.

திரும்பி வருவது என்பது ஒரு காலத்தில் கம்ப்யூட்டருக்கே பெரிய பாடாக இருந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949-ல் ஓடத் தொடங்கிய எட்சாக் கணினியில், அடிக்கடி தேவைப்படும் கணக்குகளைத் துளையிட்ட காகித நாடாக்களில் தனித்தனியாக எழுதிச் சேமித்தார்கள். புரோகிராம் அங்கே போய்விடும். முடிந்ததும் விட்ட இடத்துக்கு எப்படி வரும்? டேவிட் வீலர் அதற்கு வழி கண்டார். போகும்போதே எங்கிருந்து வருகிறோம் என்ற முகவரியையும் கையில் கொடுத்தனுப்புவது. அந்த முகவரியைத் தன் கடைசி வரியில் எழுதிக்கொண்டு, வேலை முடிந்ததும் துணைநிரல் அங்கேயே திரும்பிவிடும். இந்த உத்திக்கு இன்றும் அவர் பெயர்தான்.

வேலைக்கு உதவுமா?

எழில் தெரியும் என்று சொன்னால் எந்த ஐ.டி கம்பெனியும் வேலை தரப்போவதில்லை. பைத்தானுக்கோ ஜாவாவுக்கோ போய்த்தான் ஆக வேண்டும். எழில் அதற்கு முந்தைய படி. பாடத்தில் பைத்தானே இருக்கும்போது இன்னொரு மொழி எதற்கு என்று யோசிப்பவர்களுக்கும் ஒரு வசதி உண்டு. 2008-ல் வந்த பைத்தான் 3 பதிப்பிலிருந்து, ஃபங்ஷனின் பெயரையும் அளபுருக்களையும் தமிழ் எழுத்திலேயே வைக்கலாம். டெஃப், ரிட்டர்ன் போன்ற கட்டளைகள் மட்டும்தான் ஆங்கிலத்தில் இருக்கும். தொகை, பாக்கெட், விலை எல்லாம் தமிழிலேயே ஓடும். 'எக்ஸ்', 'ஒய்' என்று புரியாத எழுத்துகளோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

கம்ப்யூட்டர் இல்லாத வீட்டிலும் இதைச் செய்துபார்க்க முடியும். பைத்தானை மொபைல் பிரவுசரிலேயே ஓட்டும் தளங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 'தொகை' ஃபங்ஷனை ஒருமுறை ரிட்டர்ன் போட்டும், இன்னொரு முறை பிரிண்ட் போட்டும் எழுதி, இரண்டிலும் 3 பாக்கெட், 12 பாக்கெட் கணக்கைக் கூட்டச் சொல்லிப் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை. 600 எதில் வருகிறது என்று போன் திரையே காட்டிவிடும்.