உயிரணுவின் முத்திரையும் குழந்தைகளின் மூளைக்கட்டியும்

நம் உடலிலுள்ள ஒவ்வோர் உயிரணுவும் புதுப் புரதங்களை ஆக்குவதோடு, பழுதானவற்றையும் தேவை முடிந்தவற்றையும் அழித்தாக வேண்டும். அழியவேண்டிய புரதத்தின்மேல் 'யுபிக்விட்டின்' என்னும் சிறு புரதம் முத்திரைபோல் ஒட்டப்படும். முத்திரை பெற்றது துண்டு துண்டாக்கப்படும். இதனைக் கண்டறிந்த சீக்கனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் ஆகிய மூவரும் 2004-இல் நோபல் பரிசு பெற்றனர்.

முத்திரை தவறினால் என்ன ஆகும்? குழந்தைகளுக்கு வரும் மூளைப் புற்றுக்களில் மிகுதியாகக் காணப்படுவது, சிறுமூளையில் தோன்றும் மெடுல்லோபிளாஸ்டோமா. இக்கட்டிகள் சிலவற்றில், அழிக்கவேண்டிய புரதத்தைத் தேர்ந்தெடுக்க உதவும் கே.பி.டி.பி.டி.4 என்னும் மரபணு மாறியிருப்பதை 2017-இல் அறிஞர்கள் வெளியிட்டனர். இம்மாற்றத்தால், பிற மரபணுக்களைக் கட்டுக்குள் வைக்கும் நல்ல புரதங்கள் தவறாக முத்திரை பெற்று அழிகின்றன. உயிரணுக்கள் முதிராமலே பெருகுகின்றன.

இம்மாற்றம் கட்டியின் உயிரணுக்களில் நேர்வது. இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதன்று; எவர் செய்த பாவத்தின் பலனுமன்று. காலையில் தலைவலியும் வாந்தியும், தள்ளாடும் நடையும் தொடர்ந்தால், திருஷ்டி கழித்து நாளை வீணாக்காமல் மருத்துவரிடம் காட்டவேண்டும். அறுவை, கதிர், மருந்துச் சிகிச்சைகளால் பல குழந்தைகள் நலம் பெறுகின்றனர்.

நம் புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரமே 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக மலர்ந்தது. அவர் பிறந்த மண்ணில் பயிலும் நாம், இறையருளை வேண்டி, அறிவியலைக் கருத்தூன்றிக் கற்போம். துன்புறும் குழந்தைகளுக்குத் துணை நிற்போம்.