வலிக்கு 78 சொற்கள்

ஆளை வதைத்தெடுக்கும் மலையேற்றம், நாள்கணக்கில் நீளும் குறுக்கு விசாரணை. இவற்றையெல்லாம் ஆங்கிலத்தில் 'க்ரூயலிங்' என்பார்கள். வேரைத் தோண்டினால் கஞ்சி வரும்! 'க்ரூயல்' என்றால் கஞ்சி. பழைய ஆங்கிலக் கொச்சையில் 'கஞ்சி வாங்கினான்' என்றால் தண்டனை வாங்கினான் என்று பொருள். சுருக்கென்று ஏறி இறங்கும் ஊசிக்கு இந்தச் சொல் பொருந்தாது. நீண்டு, ஆளைச் சக்கையாக்கும் துன்பத்துக்குத்தான் பொருந்தும்.

இதே சொல்லுக்கு மருத்துவத்தில் மதிப்பெண்ணும் உண்டு: இரண்டு.

மாண்ட்ரியாலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ரொனால்ட் மெல்ஸாக்குக்கு ஒரு குறை இருந்தது. வலிக்கு வெப்பமானி கிடையாது. நோயாளி சொல்லும் சொல்தான் சாட்சி. அப்படியானால் சொல்லையே நிறுத்துப் பார்த்தால் என்ன? 1971-இல் டோர்கர்சன் என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து, மருத்துவ நூல்களில் கிடைத்த 102 வலிச் சொற்களை வகைபிரித்தார். எந்தச் சொல் எவ்வளவு கனம் என்று மாணவர்கள், மருத்துவர்கள், நோயாளிகள் மூன்று தரப்பிடமும் கேட்டார். 1975-இல் வெளிவந்த வினாத்தாளில் 20 குழுக்களாக 78 சொற்கள் நின்றன. ஒரு குழுவுக்கு ஒரு சொல்லுக்கு மேல் தேர்ந்தெடுக்கக் கூடாது. எதுவும் பொருந்தாவிட்டால் விட்டுவிடலாம். சொற்கள் லேசானதிலிருந்து கடுமைக்கு ஏறுவரிசையில் இருப்பதால், வரிசை எண்ணே மதிப்பெண். ஆகவே ஒவ்வொரு குழுவிலும் கடைசிச் சொல்லையே தேர்ந்தால் கிடைக்கும் உச்ச மதிப்பெண்ணும் 78.

முதல் பத்துக் குழுக்கள் துடிப்பு, குத்தல், எரிச்சல் போன்ற உணர்வுகளைப் பேசுகின்றன. அடுத்த ஐந்தில் வலி மனத்தை என்ன பாடுபடுத்துகிறது என்பது வருகிறது. 'க்ரூயலிங்' இருப்பது 14-ஆம் குழுவில், இரண்டாவதாக. அங்கே ஐந்தாவதாக, உச்சியில் நிற்பது 'கொல்லுகிற'.

இப்படிப் பிரித்தது வெறும் வசதிக்காக அல்ல. எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்பதை மூளையின் ஒரு பகுதி கவனிக்கிறது. அது படுத்தும் பாட்டை உணர்வது பெரும்பாலும் வேறு பகுதிகள், குறிப்பாக முன் சிங்குலேட் புறணி. தீராத வலிக்காக அந்தப் பகுதியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் சிலர், "வலி இருக்கிறது, ஆனால் என்னைத் தொந்தரவு செய்யவில்லை" என்கிற பொருளில் பேசுகிறார்கள். விசித்திரமான வாக்கியம்தான். ஆனால் முதல் பத்துக் குழுக்களில் குறிபோட்டு 14-ஆவதை வெறுமனே விடுகிறவரும் அதைத்தானே சொல்கிறார்?

1976-இல் துபுய்சன் என்ற ஆய்வாளரும் மெல்ஸாக்கும் இன்னொரு படி போனார்கள். பல்வலி, பிரசவ வலி, மூட்டுவலி உள்ளிட்ட எட்டு வகை வலிகளில் ஏதேனும் ஒன்று உள்ள 95 பேர் தேர்ந்தெடுத்த சொற்களை மட்டும் கணக்கிட்டு, யாருக்கு எந்த வலி என்று பிரித்தார்கள். 77 சதவீதம் சரியாக விழுந்தது.

இந்தச் சொல் ஏணியை அகராதி வைத்து வேறு மொழிக்கு மாற்ற முடியாது. 'குடையுது' பெரிதா, 'உளையுது' பெரிதா என்பதை ஆங்கிலப் பட்டியல் எப்படிச் சொல்லும்? இத்தாலியர்கள் தங்கள் மொழிச் சொற்களைத் திரட்டி, புதிதாகவே எடைபோட்டார்கள்.